மலைக்கோட்டைச் சந்தில் நின்றுபோன வாட்ச்

போர்ட் பிளேரில் சூரியன் அவசரக்காரன். தமிழ்நாட்டில் ஜனங்கள் புரண்டு படுக்கிற நேரத்தில், அங்கே நாங்கள் கடையைத் திறந்து சாம்பிராணி காட்டி முடித்திருப்போம். கல்யாணமாகி அந்தமானுக்குப் போனதிலிருந்து எனக்கு அந்தச் சூரியன்தான் பழக்கம். அதனால் உறையூரில் அண்ணன் வீட்டுக்கு வந்து படுத்த முதல் நாளே, தெரு இருட்டாக இருக்கும்போது எழுந்து குளித்து, ஈரத் தலையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். பால் பாக்கெட் போட வந்தவர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு வண்டியை நிறுத்திவிட்டார்.

"யாரும்மா அது, இந்த நேரத்துல?"

"கோபாலன் தங்கச்சிங்க. அந்தமான்லேருந்து வந்திருக்கேன்."

"ஓ. அங்க இப்ப விடிஞ்சிருச்சா?"

"விடிஞ்சு இட்லியே வெந்திருக்குங்க" என்றேன். அவர் நம்பாமலே போனார்.

இந்த அவசரச் சூரியனால் எங்கள் வீட்டில் ராகு காலமும் முன்னதாகவே வந்துவிடும். தினசரிக் காலண்டர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. அதில் போட்டிருப்பது அந்த ஊர்க் கணக்கு. என் வீட்டுக்காரர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். "சூரியனே நமக்கு முன்னாடி வந்துட்டான், ராகு மட்டும் மெட்ராஸ் டைமுக்கா வருவான்?" என்று கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்தை முன்னே இழுத்து விடுவார். எதிர்வீட்டுக்காரர்கள் காலண்டர்படிதான். எங்களுக்கு நல்ல நேரம் அவர்களுக்கு ராகு காலம், அவர்களுக்கு நல்ல நேரம் எங்களுக்கு ராகு காலம். இரண்டு வீட்டையும் பெருமாள்தான் காப்பாற்றிக்கொண்டு வருகிறார்.

நான் வந்த காரியத்தைச் சொல்கிறேன். பங்குனியில் என் வீட்டுக்காரருக்கு அறுபது நிறைகிறது. தீவில் எங்கள் தெருக் கோயிலில் அறுபதாம் கல்யாணம். பிறந்த வீட்டுச் சீர் இல்லாமல் அது எப்படி நடக்கும்? அண்ணிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி இன்னும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். அவர்களால் வர முடியாது. நானே வந்து சீரை வாங்கிக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் பெருமாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதாக ஏற்பாடு.

காபி முடிந்ததும் அண்ணன் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினார். பட்டு வேட்டி, எனக்குக் கூறைச் சேலை, வெள்ளியில் குங்குமச் சிமிழ். கடைசியாக ஒரு கறுப்பு டப்பா. திறந்தால் புது மாதிரி வாட்ச். தொட்டதும் அதன் முகத்தில் விளக்கெரிந்தது.

"நடந்தா எத்தனை அடின்னு சொல்லும். நெஞ்சு அடிக்கிறதையும் சொல்லும். மாப்பிள்ளைக்கும் வயசாகுதில்ல" என்றார். சொல்லும்போது அண்ணன் முகம் பூரித்திருந்தது.

ஏன் என்று எனக்குத் தெரியும். என் கல்யாணத்தில், மாப்பிள்ளை அழைப்பன்று அவர் கையில் வாட்ச் கட்டியது அண்ணன்தான். அப்போது அப்பா இல்லை. அண்ணன் அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையில் வாட்ச் கட்டிப் பார்க்காதவர், மாப்பிள்ளைக்காக ஒன்று வாங்கி வந்தார். சாவி கொடுக்கிற வாட்ச். வெள்ளை முகம், நீல முள். கூட்டத்தில் யாரோ, "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டார்கள். அந்தச் சொல் அண்ணனுக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த வாட்ச் இப்போது கடலுக்கடியில் இருக்கிறது. கப்பல் ஜெட்டியில் என் வீட்டுக்காரர் சரக்கு இறக்கும்போது, உப்புக் காற்றில் இற்றுப்போன தோல்வார் அறுந்து விழுந்தது. வீட்டுக்கு வந்து, "மணி தண்ணிக்குள்ள போயிருச்சு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வாட்சே கட்டவில்லை. பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தவை பீரோவில் தூங்குகின்றன. ஆனால் பழக்கம் விடவில்லை. கடைக்கு வருகிறவர்கள் மணி கேட்டால் முதலில் தன் வெறும் கையைப் பார்ப்பார். பிறகு வானத்தைப் பார்ப்பார். அப்புறம் மணி சொல்வார். அந்த முதல் பார்வையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும்.

அன்று பகலில் சீர்த்தட்டு வாங்க டவுன் பஸ் ஏறி மெயின்கார்டு கேட் போனேன். பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாதாம். கண்டக்டர் சும்மா ஒரு சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. வழியெல்லாம் தள்ளுவண்டியில் முருங்கைக்காய் விறகு மாதிரி அடுக்கிக் கிடந்தது. எங்கள் தீவில் கப்பல் தாமதமானால் வெங்காயத்தைக்கூட எண்ணி எடுப்போம். இங்கே மிதிபட்டுக் கிடக்கிறது கறிவேப்பிலை. குனிந்து பொறுக்கலாமா என்று கை பரபரத்தது.

மலைக்கோட்டைத் தெப்பக்குளத்தை ஒட்டி ஒரு சந்து. தட்டு வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அதற்குள் சின்னதாக ஒரு வாட்ச் கடை. சுவரெல்லாம் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணி காட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டியின் மூலையில், பழைய வார்களுக்கும் சாவிகளுக்கும் நடுவே, வெள்ளை முகமும் நீல முள்ளுமாக அது படுத்திருந்தது.

கால் தானாக நின்றுவிட்டது. முலாம் போய்ப் பித்தளை தெரிந்தது. கண்ணாடியில் கீறல். வெள்ளை முகம், பல் துலக்காத வாய் மாதிரி மஞ்சளாகிவிட்டிருந்தது. ஆனாலும் அதே முகம்தான்.

கல்லாவில் இருந்த பெண் பெயர் ஸ்டெல்லா என்று பிறகு தெரிந்தது. அவள் நிமிர்ந்தாள். "அதுங்களாக்கா? முதல்லயே சொல்லிடறேன், ஓடாது."

"ரிப்பேர் பண்ண முடியாதா?"

"ரிப்பேர் பண்ற மனுஷன் குவைத்ல ஏ.சி. ரிப்பேர் பண்ணிட்டிருக்காரு. நான் பேட்டரி மாத்துவேன், வார் மாத்துவேன். இதைத் திறக்க மாட்டேன். சாவி முழுசா ஏறித்தான் நிக்குது. அழுக்குக் கட்டியிருந்தாச் சுத்தம் பண்ணா ஓடும். துருப்பிடிச்சுப் பல்லு போயிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. வாங்கினப்புறம் ஓடலைன்னு என்கிட்ட வரக்கூடாது."

"விக்கிறவங்க இப்படியா பேசுவாங்க?"

"பொய் சொல்லி வித்தா நீங்க நாளைக்கு வந்து சண்டை போடுவீங்க. உண்மையைச் சொன்னா வாங்காமப் போவீங்க. சண்டை போட எனக்குத் தெம்பு இல்லக்கா." எடுத்து என் கையில் வைத்தாள். "காதுகிட்ட வெச்சு லேசா ஆட்டுங்க."

ஆட்டினேன். டிக், டிக், டிக். தூக்கத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் புரண்டு படுக்கிற குழந்தை மாதிரி, அத்தோடு அடங்கிவிட்டது.

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டு வந்தேன். ஆனால் அந்தச் சத்தம் காதோடு கூடவே வந்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணி முருங்கைக்காய்ச் சாம்பாரும் வாழைப்பூ வடையும் செய்திருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். "நின்னுபோன கடிகாரம் ஆகாதுன்னு சுவத்துல இருந்தே கழட்டிப் போடறோம். நீ தேடிப் போய் வாங்கி, அறுபதாம் கல்யாணத்துல புருஷன் கையில கட்டப்போறியா? எத்தனை மணியில நின்னிருக்குன்னாவது பார்த்தியா?"

"ஆறே முக்கால் அண்ணி."

அண்ணி விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். "அந்த நேரத்துல எந்தக் கிழமையும் ராகு காலம் இல்லதான்." முகம் கொஞ்சம் தெளிந்தது. உடனே மறுபடி சுருங்கியது. "வியாழக்கிழமை எமகண்டம்!"

"எந்தக் கிழமை நின்னுச்சுன்னு வாட்சுக்கே தெரியாது. நீயா எதுக்கு வியாழக்கிழமையைப் பிடிச்சு வெக்கிற?" என்றார் அண்ணன்.

"நீங்க சும்மா சாப்பிடுங்க."

அண்ணன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "ஏம்மா செண்பகம், நான் வாங்கினது பிடிக்கலையா?"

பிடிச்சிருக்குண்ணா என்றேன். பிடித்துத்தான் இருந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் அதைக் கட்ட மாட்டார், பீரோவில் வைத்துவிடுவார் என்று அண்ணனிடம் எப்படிச் சொல்வது? பழையதை வாங்கினால் அண்ணன் மனம் நோகும். வாங்காமல் போனால், தீவில் அந்த வெறுங்கைப் பார்வையை மறுபடியும் தினமும் பார்க்க வேண்டும். பெருமாளிடமே கேட்டுவிடலாம் என்று படுத்தேன்.

மறுநாளும் என் உடம்பு தீவு நேரத்துக்கே எழுந்துவிட்டது. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஜன்னல் சீட். காவிரிப் பாலம் வந்ததும் சில்லென்று காற்று. ஆற்றில் மணலும் தண்ணீரும் பாதிப் பாதியாகக் கிடந்தன. விடிகிற வெளிச்சத்தில் எது மணல், எது தண்ணீர் என்று தெரியவில்லை. கண்ணைக் கொஞ்சம் மூடினேன்.

கடலுக்குள் இருந்தேன். நீல முள் வாட்ச் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. மீன்கள் ஒவ்வொன்றாக வந்து மணி பார்த்துவிட்டுப் போயின. ஒரு பெரிய மீன் மட்டும் போகாமல் நின்று, "இன்னும் நேரம் இருக்கு" என்றது. அதன் குரல் என் வீட்டுக்காரர் குரல்தான். கீழே மணலில் யாரோ நெடுக்கப் படுத்திருந்தார்கள். முகம் தெரியவில்லை. வாட்ச் அவர் காலடியில் போய் விழுந்தது.

கண் விழித்தபோது பஸ் மறுபடியும் காவிரிப் பாலத்தின்மேல் இருந்தது. ராஜகோபுரம் என் முதுகுப் பக்கம் போயிருந்தது!

கண்டக்டர் இடுப்பில் கை வைத்து நின்றார். "என்னம்மா, சேவிச்சாச்சா? ஸ்ரீரங்கம் வந்துச்சு, கத்தினேன். நீங்க எந்திரிக்கல. சரி, அம்மா யோக நித்திரையில இருக்காங்கன்னு விட்டுட்டேன்."

பஸ்ஸே சிரித்தது. ஒரு பாட்டி, "பெருமாள் ஊர்ல பெருமாள் மாதிரி தூங்கினா தப்பா?" என்று எனக்காகப் பேசினார். வெட்கத்தோடு சத்திரத்தில் இறங்கி, எதிரே நின்ற பஸ்ஸில் ஏறி, இந்தத் தடவை நின்றுகொண்டே போனேன்.

ஸ்ரீரங்கத்தில் மதிலுக்குள் மதில், அதற்குள் தெரு, தெருவுக்குள் கோயில். ஜனங்கள் கோயிலுக்குள்ளேயே குடியிருந்து, கோயிலுக்குள்ளேயே காய்கறி வாங்கி, கோயிலுக்குள்ளேயே ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள். எங்கள் தீவுக் கோயில், கடல் காற்றுக்குத் தகரம் படபடக்கிற சின்னக் கோயில். அங்கே இருக்கும் சாமியும் இவர்தான் என்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

வரிசை நகர்ந்து நகர்ந்து சன்னதிக்குள் போனேன். வெளிச்சத்திலிருந்து போன கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பட்டர் தீபத்தை உயர்த்திக் காட்டி, "திருமுகமண்டலம்... திருமார்பு... திருவடி, நன்னா சேவியுங்கோ" என்றார். விளக்கு நகர நகர, இருட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெருமாள் வந்தார். நெடுகப் படுத்திருந்தார். பஸ்ஸில் கண்ட கனவு ஞாபகம் வந்து உடம்பு சிலிர்த்தது. கேட்க வந்ததை மறந்தே போனேன். அதற்குள் பின்னாலிருந்து, "நகருங்கோ மாமி, நகருங்கோ" என்று தள்ளிவிட்டார்கள்.

பிரசாதக் கடையில் புளியோதரை வாங்கி, அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். மிளகும் நல்லெண்ணெயுமாகக் கை மணத்தது. தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாதபடி போய்க்கொண்டிருந்தது. எத்தனையோ காலமாகப் பெருமாள் படுத்தபடியே இருக்கிறார். அவரைப் பார்த்து நின்றுவிட்டார் என்று யாராவது சொல்கிறோமா? எத்தனை பேர் வரிசையில் நின்று, அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டுப் போகிறார்கள். இதைப் பெருமாள் சொன்ன பதில் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் இலையை மடிக்கும்போது மனசு வாங்கிவிடு என்றது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வாங்க நல்ல நாள். மாணிக்க விநாயகருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுச் சந்து முனையில் நின்றேன். ராகு காலம் கழியட்டும் என்று ஒரு கரும்புச்சாறு குடித்தேன். உள்ளே போனதும் முதலில், "மணி என்னம்மா?" என்றேன்.

"அந்தப் பச்சைக் கடிகாரத்தை மட்டும் பாருங்கக்கா. மத்ததெல்லாம் சும்மா அழகுக்கு" என்றாள் ஸ்டெல்லா. பச்சைக் கடிகாரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

"நிஜமாவே வாங்கப் போறீங்களா? ஓடாதுக்கா."

"தெரியும்மா."

"இன்னொரு தடவை சொல்றேன். ஓடாது."

"நீ என்னம்மா, விக்கவே விடமாட்டியா?"

அவள் சிரித்துவிட்டாள். புதுத் தோல்வார் ஒன்றைத் தேடிப் போட்டுக் கொடுத்தாள். யாருக்கு என்று கேட்டாள், சொன்னேன். அவள் வாட்சைத் துடைத்து, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுவிட்டு என்னிடம் நீட்டினாள். "எங்களுக்கும் தவக்காலத்து வெள்ளிக்கா. நல்ல நாள்தான்."

வீட்டுக்கு வந்து பெருமையோடு அண்ணி முன்னால் வைத்தேன். அண்ணி வாட்சைப் பார்க்கவில்லை, சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "எத்தனை மணிக்கு வாங்கின?"

"ராகு காலம் முடிஞ்சுதான் அண்ணி. பதினொண்ணு தாண்டி."

"வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு ராகு காலம்டி!"

முப்பது வருஷத்துக்கு மேல் ஊறிப்போன தீவுக் கணக்கு. தூக்கம் மட்டுமா தீவு நேரத்தில் இருந்தது? நல்லது கெட்டதும் அல்லவா அந்த நேரத்தில் இருந்திருக்கிறது! ஓடாத வாட்ச், அதுவும் நட்ட நடு ராகு காலத்தில் வாங்கியது. இதையா அவர் ஆயுசுக்காகச் செய்கிற சடங்கில் கட்டுவது? அழுகை வந்துவிட்டது. மறைத்து வைக்க நினைத்ததெல்லாம் மறந்து, அவருக்குப் போன் போட்டு முழுசும் சொன்னேன். அண்ணி ஸ்பீக்கரைப் போட்டார்.

அந்தப் பக்கம் கடைச் சத்தம். அவர், "நம்ம ஊர்க் கணக்குக்கு ராகு காலம் முடிஞ்சிருச்சில்ல?" என்றார்.

"முடிஞ்சிருச்சுங்க. ஆனா நான் இருக்கிறது திருச்சியிலதானே!"

"வாட்ச் கட்டப்போற கை எங்க இருக்கு?"

"அண்ணே, வாங்கின இடந்தான் கணக்கு" என்றார் அண்ணி விடாமல்.

"அப்ப மெட்ராஸ்ல அச்சடிச்ச காலண்டர் உங்களுக்கு மட்டும் எப்படிங்க சரியா வரும்?" என்றார் அவர். அண்ணி மறுபடியும் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். பிறகு அவர் குரல் தணிந்தது. "செண்பகம், அது வெள்ளை முகமா?"

"ஆமாங்க."

"நீல முள்ளா?"

"ஆமாங்க."

"கொண்டாந்துரு" என்றார்.

அண்ணன் எழுந்து வந்து வாட்சை எடுத்தார். காதோடு வைத்து லேசாக ஆட்டினார். அது மூன்று அடி அடித்து நின்றிருக்க வேண்டும். அவர் கண் கலங்கியது. "அன்னைக்குக் கடையில இப்படித்தான் காதுல வெச்சுப் பார்த்தேன். சத்தம் நல்லா இருந்துச்சு, வாங்கிட்டேன்" என்றார். "மாப்பிள்ளை அதை மறந்திருப்பாருன்னு நெனச்சேன்."

அவரே அதைச் சீர்த்தட்டில் வைத்தார். புது வாட்ச் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப இது?" என்றார்.

"அது எனக்கு" என்றேன். அண்ணிகூடச் சிரித்துவிட்டார். மணப்பாறை முறுக்கு ஒரு பெரிய பொட்டலத்தையும் தட்டில் வைத்து, "இதுக்கு எந்த நேரமும் நல்ல நேரந்தான்" என்றார்.

பங்குனியில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. அண்ணனும் அண்ணியும் போனில் பார்த்துக்கொண்டிருக்க, நான்தான் அவர் கையில் வாட்சைக் கட்டினேன். தீவில் அதைத் திறக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவரும் தேடவில்லை. குளிக்கும்போது கழற்றி வைக்கிறார், குளித்ததும் கட்டிக்கொள்கிறார். எப்போதாவது காதோடு வைத்து ஆட்டிப் பார்க்கிறார்.

இன்று காலை கப்பலுக்குப் போகிற ஒருத்தர் கடை வாசலில் நின்று மணி கேட்டார். என் வீட்டுக்காரர் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். அது எப்போதும்போல ஆறே முக்கால் காட்டியது. பிறகு வானத்தைப் பார்த்தார். மணி சொன்னார். நான் உள்ளே இருந்து, அவருக்குத் தெரியாமல் என் கையைப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தார். விளக்கெரிகிற என் வாட்சைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன்.